மே மாசம் வெட்டின பச்சை மரம்

செனோவியாவைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அவ என் கொமாத்ரே. என் மக எலோய்சாவுக்கு ஞானஸ்நானத் தண்ணி தலையில விழுந்தப்போ குழந்தையைக் கையில ஏந்தினவ. நியூ மெக்ஸிகோவுல எங்க சான் ஹசிந்தோ ஊர்ல அந்த உறவு கூடப்பொறந்த உறவை விடப் பெருசு. ரெண்டு கொமாத்ரேக்கள் ‘நீ’ன்னு பேசிக்கக் கூடாது, ‘நீங்க’தான். குரலை உசத்தக் கூடாது. சண்டைங்கிற பேச்சே கூடாது, போட்டா அந்தக் குழந்தைக்கு ஆகாதும்பாங்க. அதனால இருபத்தாறு வருஷமா நேருக்கு நேர் ‘வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க’தான். இப்ப அவ பக்கத்துல இல்லைங்கிறதால ‘அவ’ங்கிறேன். காதுல விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஆள் குள்ளம். கையைப் பார்த்தா ஆம்பளைக் கை. புருஷன் ஃபகுந்தோ லாரி ஓட்டிக்கிட்டு டென்வர் போனவன், அங்கேயே இன்னொருத்தியோட தங்கிட்டான். சேதி வந்த அன்னைக்கு இவ ஒரு சொட்டு கண்ணீர் விடல. அவன் விட்டுட்டுப் போன கிடாரை உடைச்சு அடுப்புல வச்சு, அதுலயே ஒரு சட்டி பீன்ஸ் வேக வச்சா. எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து குடுத்து, “நல்லாக் காஞ்ச மரம், கொமாத்ரே, சீக்கிரம் வெந்துடுச்சு”ன்னா. நானும் சாப்பிட்டேன். ருசியாத்தான் இருந்துது.

அப்புறம் அவன் ரம்பத்தையும் ஓட்டை பிக்கப் வண்டியையும் எடுத்துக்கிட்டு விறகு வெட்டப் போனா. ஜூனிபர் மரத்தை வேலிக்காலுக்கு, காஞ்ச பின்யோன் பைன் மரத்தை அடுப்புக்கு. ஜூனிபர் கால் மண்ணுக்குள்ள நட்டா நட்டவன் போன அப்புறமும் நிக்கும். பின்யோன் விறகு எரியற வாசனையில பக்கத்து வீட்டுக்காரன் தானா வந்து கதவைத் தட்டுவான். ஊர்ல பாதி வீட்டுக்குக் குளிர்காலம் அவ கையாலதான் கழிஞ்சுது.

பின்யோன் பைனைப் பத்தி அவளுக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லியே ஆகணும், எனக்கு எவ்வளவு வயிறு எரிஞ்சாலும். அது ரெண்டு வருஷப் பயிர். இந்த வசந்தத்துல பட்டாணி அளவுக்குப் பிஞ்சு விட்டா, அடுத்த வருஷம் செப்டம்பர்லதான் காய் முத்தி வாயைத் திறக்கும், உள்ள இருக்கற பருப்பு உதிரும். அதுவும் அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கொட்டும். இவ கீழேர்ந்து அண்ணாந்து பார்த்து, “அடுத்த வருஷம் இந்த மரம் ரெண்டு மூட்டை, அது பொக்கு, அதுல நீலக்காக்காவுக்குத்தான் சாப்பாடு”ன்னு சொல்லுவா. சொன்னா சொன்னதுதான். ஊர்ல கல்யாணம் வைக்கிறவங்க தேதி குறிக்கிறதுக்கு முந்தி அவ வாசல்ல போய் நிப்பாங்க. காய்க்கிற வருஷம் அக்டோபர்ல கல்யாணம் வச்சா பாதிரியாரும் மாப்பிள்ளையும்தான் இருப்பாங்க. ஊரே மேட்டுல துணியை விரிச்சு முட்டி போட்டுப் பொறுக்கிக்கிட்டிருக்கும்.

இன்னொண்ணும் அவளுக்கு உண்டு. எதையும் மறக்க மாட்டா. அவளுக்கு ஒன்பது வயசுல தம்பி ஒனேசிமோ அவளோட பொம்மையைக் கிணத்துல போட்டான். ஒரு வார்த்தை திட்டல. பதினாறு வருஷம் கழிச்சு அவன் கல்யாணத்தன்னைக்கு, அவன் கோட்டுப் பையில இருந்த கைக்குட்டைக்குள்ள சிவப்பு மிளகாய்த்தூளைத் தடவி மடிச்சு வச்சா. மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னாடி நெத்தி வேர்வையைத் துடைச்சான், பாருங்க! கண்ணைத் திறக்க முடியாமத்தான் மோதிரம் போட்டான். பொண்ணு வீட்டுல எல்லாரும், மாப்பிள்ளைக்கு எவ்வளவு பாசம், எப்படி அழறான்னு உருகிப் போனாங்க. இவ முதல் வரிசையில உக்காந்து ஜெபமாலையை உருட்டிக்கிட்டிருந்தா. அன்னைக்குச் சாயந்தரமே அவன்கிட்டப் போய், “பொம்மைக்குடா”ன்னு சொல்லிட்டும் வந்தா. சொல்லலைன்னா அவளுக்குத் தூக்கம் வராது. அடிச்சது யாருன்னு அடிபட்டவனுக்குத் தெரியணும்.

சரி, நிலத்துக்கு வரேன். எங்க பக்கம் நிலம் ரிப்பன் மாதிரி, வாய்க்கால்ல ஆரம்பிச்சு மேடு வரைக்கும் நீளமா ஓடும். அவங்க அப்பாவுக்குப் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பட்டை நிலம். கிழக்குப் பட்டை முழுக்கப் பின்யோன், நூறு வருஷம் இருநூறு வருஷம் வயசான மரம். மேற்குப் பட்டை கல்லும் ஜூனிபரும். அதுக்கு மேற்கே ஒரு மண் ரோடு, ரோட்டைத் தாண்டி என் வீடு, என்னோட முப்பத்திநாலு பின்யோன். அவங்க அப்பா படுக்கையில கிடந்தப்போ மூத்திரம் அள்ளினது செனோவியா. ஒனேசிமோ ஒரு நாள் வந்து, டாக்டர்கிட்டக் காட்டறேன்னு அப்பாவை டவுனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். காட்டினது டாக்டர்கிட்ட இல்ல, வக்கீல்கிட்ட. கிழக்குப் பட்டை அவனுக்கு, கல்லு இவளுக்கு.

அதைக்கூட இவ விழுங்கிட்டா. அப்பா கையெழுத்து, போகட்டும்னா. அந்த வருஷம் அக்டோபர்ல மரம் கொட்டுச்சு. எப்பவும் போல விடிஞ்சதும் துணியையும் சாக்கையும் எடுத்துக்கிட்டு, சின்ன வயசுலேர்ந்து பொறுக்கின அதே மரத்தடியில போய் முட்டி போட்டா. ஒனேசிமோ புதுசா முள்கம்பி போட்டிருந்தான். குனிஞ்சு உள்ள போனா, அவ்வளவுதான். அவன் ஷெரீப் ஆளைக் கூப்பிட்டுட்டான். ஞாயித்துக்கிழமை அது. பூசை முடிஞ்சு ஊரே அந்த வழியா வந்துக்கிட்டிருக்கு. எல்லாரும் பார்க்க, அந்த ஆளு சாக்கைக் கவுத்துக் கொட்டச் சொன்னான். அரை மூட்டைப் பருப்பு. கொட்டினா. பாவாடைப் பையில இருந்த ஒரு கைப்பிடியையும் கொட்டச் சொன்னான் கூடப்பொறந்தவன். அதையும் கொட்டினா.

நான் அங்க இருந்தேன். அவ முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் அடுப்படியில உக்காந்து, காப்பியைத் தொடாம, மெதுவா சொன்னா: “கொமாத்ரே, அந்த மரத்துப் பருப்பு ஒண்ணுகூட இனிமே அவன் பல்லுல படக் கூடாது. பண்ணினது நான்தான்னும் அவனுக்குத் தெரியணும். அது வரைக்கும் நான் சாக மாட்டேன்.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க”ன்னேன். உள்ளுக்குள்ள, பண்ணு மகராசி, நல்லா பண்ணுன்னு நினைச்சேன். ஒனேசிமோவைக் கண்டா எனக்கும் ஆகாது. என் ஆட்டைக் கல்லால அடிச்சவன்.

அஞ்சு வருஷம் போச்சு. ரெண்டாயிரத்து ஒண்ணுல பிஞ்சு பிடிச்சது பாருங்க, கிளை தெரியல. ஒனேசிமோ கடை வாசல்ல நின்னு, “அடுத்த வருஷம் என் மேட்டுல கால் வைக்க இடம் இருக்காது, பருப்பு மேலதான் நடக்கணும்”னு பீத்திக்கிட்டான். ஆனா அந்தக் குளிர்காலம் பனியே விழல. பிப்ரவரியில புழுதி பறந்துது. பின்யோன் தண்ணி இல்லைன்னா வாயை மூடிக்கிட்டுப் பட்டினி கிடக்கும், பிசின் ஊறாது. பிசின்தான் அதுக்கு ஆயுதம். மரப்பட்டை வண்டு துளைச்சா பிசினை விட்டு அதை மூழ்கடிச்சுக் கொல்லும். ஆயுதம் இல்லாம நின்னுக்கிட்டிருந்துது அந்த மேடு முழுக்க.

எங்க ஊர்ல ஒரு கட்டு உண்டு. உறைபனி போனதுலேர்ந்து திரும்ப உறைபனி வர்ற வரைக்கும் பச்சைப் பின்யோன்ல ரம்பம் வைக்கக் கூடாது. குடிகாரன்கூட வைக்க மாட்டான். வெட்டின பச்சை மரத்துலேர்ந்து கோயில் சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை கிளம்பும். நமக்கு அது சுகம். அந்த வண்டு அரிசியில பாதிகூட இருக்காது, அதுக்கு அது பந்தி போட்டுக் கூப்பிட்ட மாதிரி. வந்து, தின்னு, குஞ்சு பொரிச்சு, ஆறே வாரத்துல ஆயிரம் ஆயிரமா கிளம்பிப் பக்கத்துல நிக்கற மரத்து மேல விழும்.

மே மாசம் ரெண்டாவது வாரம். ரம்பச் சத்தம் கேட்டுது. மூணு நாள் விடாமக் கேட்டுது. நான் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன்.

அவளோட கல்லுப் பட்டையிலயும் பதினொரு பின்யோன் இருந்துது. கிழக்குப் பட்டைக் கொட்டையை நீலக்காக்கா தூக்கிக்கிட்டு வந்து ஜூனிபர் அடியில ஒளிச்சு வச்சு மறந்தது. வெறும் வெயில்ல பின்யோன் கன்னு பிழைக்காது. ஜூனிபரோட மடியில, அந்த நிழல்ல ஒண்டித்தான் மேல வரும். அப்படி வந்ததுங்க அந்தப் பதினொண்ணு, அவ வயசு இருக்கும். அதுங்க பேர்ல அவளுக்கு அவ்வளவு ஆசை. பதினொண்ணையும் சாய்ச்சுட்டா. துண்டு துண்டா அறுத்து, கிளையும் கொம்புமா, ஒனேசிமோ வேலி ஓரமா இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக்கிட்டிருந்தா. அறுத்த வாயெல்லாம் ஈரம். வாசனை தூக்கி அடிக்குது.

“என்ன கொமாத்ரே இது?”ன்னேன்.

“விறகு, கொமாத்ரே.”

“மே மாசத்துலயா?”

“குளிருதே.” நெத்தியில வேர்வை ஊத்துது அவளுக்கு.

“கொமாத்ரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் மரம் இருக்கு.”

அவ விரலை நக்கித் தூக்கிக் காட்டினா. “காத்து மேற்கேர்ந்து அடிக்குது. எல்லாம் அவன் பக்கம்தான் போகும். உங்க மரத்துல ஒரு ஊசி இலை கருகினா என்னைக் கேளுங்க.”

நான் திரும்பி வந்துட்டேன். ஒரு தீக்குச்சி கிழிச்சிருந்தா அந்தக் குவியல் அன்னைக்கே சாம்பலாகியிருக்கும். கிழிக்கல. கொமாத்ரேயை எதுத்துப் பேசக் கூடாதுங்கிறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒனேசிமோ மூஞ்சி தொங்கறதைப் பார்க்க எனக்கும் ஆசையா இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல. வேற யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. ஒனேசிமோ அந்த ரெண்டு மாசமும் கொலராடோவுல மகன் வீட்டுல இருந்தான். வண்டு கிளம்பிப் போன அப்புறம் அவ அந்தக் கட்டைகளையும் வண்டியில ஏத்திக் கொண்டுபோயிட்டா.

ஜூன் கடைசியில அவன் வேலி ஓரத்து மரம் உச்சியிலேர்ந்து வெளிற ஆரம்பிச்சுது. முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் துரு நிறம். அடிமரத்தைச் சுத்திச் சிவப்பு மரத்தூள். பிஞ்சு காயெல்லாம் சுருங்கிக் கல்லாப் போச்சு. ஜூலையில நூறு மரம் போச்சு. ஒனேசிமோ திரும்பி வந்து, தலையில கையை வச்சுக்கிட்டு மரம் மரமா சுத்தினான். செனோவியா வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தா. அவ ஜூனிபர் அத்தனையும் பச்சையா நின்னுது. அதை வண்டு சீண்டாது, வறட்சியும் அவ்வளவு சீக்கிரம் தின்னாது.

அப்புறம் ஜூலை நடுவுல காத்து திசை மாறுச்சு. வருஷா வருஷம் மாறும். தெக்கேர்ந்தும் கிழக்கேர்ந்தும் மழையைத் தூக்கிக்கிட்டு வரும். அந்த வருஷம் மழை வரல, காத்து மட்டும் வந்துது. மரத்தைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவ, பழிவாங்கற அவசரத்துல அதை மறந்துட்டா. இல்லை, மறக்கலையோ என்னவோ. எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி என் மொத மரம் உச்சியில வெளிறுச்சு. நான் ஏணி போட்டு ஏறி, கத்தியால பட்டையைச் சீவிப் பார்த்தேன். உள்ள பாதை பாதையா அரிச்சு வச்சிருந்துது. மூணு பெரிய மரத்துக்கு வாளி வாளியாத் தண்ணி சுமந்து ஊத்தினேன், நாப்பத்தஞ்சு நாள். இடுப்பு போச்சு. மரமும் போச்சு. முப்பத்திநாலும். என் வீட்டைச் சுத்தி நிழலே இல்லை. ஆடுங்க எங்க படுக்கறதுன்னு தெரியாமக் கத்துச்சு. அந்த வருஷம் பருப்பு பொறுக்க எலோய்சா பிள்ளைங்களோட வர்றதா இருந்தா. வராதேன்னு போன்ல சொல்லிட்டு, ரிசீவரை வச்சுட்டு, வாய் விட்டு அழுதேன்.

செனோவியா வந்தா. கையில ஒரு சட்டி சோளக்கஞ்சி, சாவு வீட்டுக்குக் கொண்டுவர்ற மாதிரி. என் மரத்தை ஒரு சுத்து பார்த்தா. நான் காத்துக்கிட்டிருந்தேன். தப்பு நடந்துடுச்சு கொமாத்ரேன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு. அதைச் சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன், சத்தியமா.

“போகட்டும், கொமாத்ரே. உங்களுக்கு ரெண்டு குளிர்காலத்துக்கு விறகு ஆச்சு”ன்னா. அதைச் சொல்லிட்டு, கண்ணு பளபளன்னு, “ஒனேசிமோ நிலைமையைப் பார்த்தீங்களா? நேத்து உக்காந்து அழுதான்!”னா.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அந்தச் சட்டியை அவ தலையில கவுத்திருப்பேன். கொமாத்ரே ஆச்சே! “பார்த்தேன், கொமாத்ரே. உக்காருங்க, காப்பி போடறேன்”னேன். போட்டும் குடுத்தேன்.

அக்டோபர்ல வனத்துறையிலேர்ந்து ஒரு ஆள் வந்தார். பள்ளிக்கூடத்து ஹால்ல ஊரைக் கூட்டி, திரையில படம் போட்டுக் காட்டினார். கொலராடோ, அரிசோனா, யூட்டா, எங்க நியூ மெக்ஸிகோ, எல்லா மேடும் துரு நிறம். “மழை இல்லாம மரம் பலவீனமாயிடுச்சு. வண்டு சேர்ந்துக்கிச்சு. யார் மேலயும் தப்பில்லைங்க”ன்னார். ஜனங்க பெருமூச்சு விட்டாங்க. ஒனேசிமோ தொப்பியை மடியில வச்சுக்கிட்டு, “தெய்வ சித்தம், நாம என்ன செய்ய முடியும்”னான்.

அதைக் கேட்டதும் செனோவியா எழுந்துட்டா.

“தெய்வ சித்தமா? டேய் ஒனேசிமோ, என் சித்தம்டா அது! நான் பண்ணினேன். மே மாசம் பதினொரு பச்சை மரத்தை அறுத்து உன் வேலி ஓரத்துல அடுக்கி வச்சேன். உன் மரத்தைத் தின்ன வண்டை நான்தான் கூப்பிட்டேன். ஊர் பார்க்க என் பாவாடைப் பையைக் காலி பண்ணச் சொன்னியே, அதுக்கு!”

வனத்துறை ஆள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையா, “அம்மா, நாலு மாநிலத்துல கோடிக்கணக்குல செத்திருக்கு. பதினொரு மரத்தால இது ஆகாதுங்க”ன்னார். பின்னாடி யாரோ ஒரு பொம்பளை, “பாவம், அவ மரமும்தான் போச்சு. துக்கத்துல மூளை கலங்கிடுச்சு”ன்னா. ஒனேசிமோ எழுந்து வந்து அவ தோளைத் தொட்டான். “அழுதுடுக்கா, அழுதுட்டா சரியாப் போயிடும்.”

“அழவா? நான்தாண்டா கொன்னேன்!”

“ஆமாக்கா, ஆமா. நீதான்.” குழந்தைக்குச் சொல்ற மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

அவ சுத்திமுத்திப் பார்த்தா. அவ முகம் வெளிறினதை அன்னைக்குத்தான் பார்த்தேன். கையை நீட்டி என்னைக் காட்டினா. “கொமாத்ரே பார்த்தாங்க! அவங்க கண்ணால பார்த்தாங்க. கேளு அவங்களை!”

ஒனேசிமோ என் பக்கம் திரும்பினான். சிரிப்பு கொஞ்சம் குறைஞ்சுது. நான் பொய் சொல்ல மாட்டேன்னு ஊர்ல பேர். “பெலிஸா, நீங்க சொல்லுங்க. சொன்னா நம்பறேன். அக்கா சொல்றது நிஜமா?”

எல்லாத் தலையும் என் பக்கம். நான் எழுந்து நின்னேன். ஆமான்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் உயிரைப் பிடிச்சுக்கிட்டிருந்தவ, பிச்சை கேக்கற மாதிரி என்னைப் பார்த்துக்கிட்டிருந்தா. “சொல்லுங்க, கொமாத்ரே.”

என் முப்பத்திநாலு மரத்தை நினைச்சேன். வாளியை நினைச்சேன்.

“இல்லைங்க”ன்னேன். “நான் ஒண்ணும் பார்க்கல. கொமாத்ரேக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். அவங்க மரமும் காஞ்சுதான் விழுந்துது. எல்லாம் மழை இல்லாமச் செத்ததுதான்.” அவ பக்கம் திரும்பி, ரொம்ப அன்பா, “உடம்பைப் பார்த்துக்குங்க, கொமாத்ரே”ன்னேன்.

அவ வாய் திறந்துது. என்னைத் திட்ட அவளுக்கு வழி இல்லை, கொமாத்ரே ஆச்சே! ஒனேசிமோ தன் கோட்டைக் கழட்டி அவளுக்குப் போத்தி, கையைப் பிடிச்சு வெளியே நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனான். ஜனங்க எழுந்து வழி விட்டாங்க.

மறுநாள் காலையில அவனே கம்பி வெட்டற குறட்டோட வந்து, வேலியை ஒரு முனையிலேர்ந்து மறுமுனை வரைக்கும் அறுத்துப் போட்டான். “அக்கா, காஞ்ச மரம் அத்தனையும் உனக்குத்தான். உனக்குப் போக மிச்சம்தான் எனக்கு. நான் உன்கிட்டத் தப்பா நடந்துக்கிட்டேன், எல்லாத்தையும் மறந்துடு”ன்னு ரோடு கேக்கச் சொன்னான். அவ வாசல்ல ரம்பத்தோட நின்னா. அப்புறம் தலையைக் குனிஞ்சு, “சரிடா தம்பி”ன்னா.

நான் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்கு வயிறு குளிர்ந்துது.